நாலு மாதம் நிற்கப் போகும் வண்டிக்கு என்ன செய்வது? முனிச்சில் ஒன்று, கோபியில் ஒன்று

கேள்வி, 6 நவம்பர் 2025

அண்ணா, சொந்த ஊர் பெருந்துறை, இப்போது முனிச்சில் இருக்கிறேன். ஏப்ரலில் ஒரு பழைய 650 சிசி பைக் வாங்கினேன், ரேடியேட்டர் உள்ளது, கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்‌ஷன். வருஷம் முழுக்க ஓட்டாதவர்களுக்கு இங்கே நம்பர் பிளேட்டிலேயே மாதத்தைப் போட்டுத் தருகிறார்கள். என்னுடையது 03–10. மார்ச் முதல் அக்டோபர் வரை ஓட்டலாம், மீதி நாலு மாதம் பொது ரோட்டில் நிறுத்தக்கூட முடியாது. வண்டி கராஜுக்குள் போய்விட்டது. ஊரில் அப்பாவிடம் சொன்னால், "வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி உடு கண்ணு, அது பாட்டுக்கு இருக்கும்" என்கிறார். கூட வேலை செய்பவர் மார்ச் வரை தொடவே தொடாதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

6 நவம்பர், இரவு 10.40

அப்பா சொல்வதைக் கேள் தம்பி. இங்கே கோபிச்செட்டிபாளையத்தில் என் அப்பா விட்டுப்போன யெஸ்டி ரோட்கிங் ஒன்று, பழைய டூ ஸ்ட்ரோக் பைக், என்னிடம் இருக்கிறது. மழை பிடித்தால் பொங்கல் வரை வெளியே எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு உதை, பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்துவிடுவேன். ஜெர்மனியோ நம்ம பக்கத்து ஜம்பையோ, வண்டி வண்டிதானே.

9 நவம்பர், மாலை

மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

நேற்று காங்கேயத்தில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய புல்லட், செல்ஃப் ஸ்டார்ட் உள்ளது, மூட்டுவலியால் ஜூலையிலிருந்து நிற்கிறது. அவருக்கும் இதே யோசனையை நான்தான் சொல்லி வைத்திருந்தேன். மனுஷன் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற மாதிரி வாரம் தவறாமல் செய்திருக்கிறார். நேற்று ஸ்விட்சை அமுக்கினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 11.9 வோல்ட். நிறுத்தி வைத்த வண்டியில் நல்ல பேட்டரி 12.6 காட்ட வேண்டும். 12.0க்கு வந்தாலே முக்கால்வாசி காலி என்று அர்த்தம்.

செல்ஃப் மோட்டார் ஒவ்வொரு தடவையும் இழுத்த கரண்டைப் பத்து நிமிஷ ஐட்லிங்கில் திருப்பி ஏற்ற முடியவில்லை. அசலே அடையாமல் வாரா வாரம் புதுக் கடன். என் யெஸ்டியை உதைத்து ஸ்டார்ட் செய்வதால் இந்தக் கணக்கு எனக்குத் தெரியவே இல்லை.

அடுத்தது இன்னும் மோசம். ஆயில் மூடியைக் கழற்றினால், உள்பக்கம் மோர் நுரை மாதிரி வெள்ளையாக, விரலில் ஒட்டுகிற பிசுபிசுப்பு. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் ஆவியாக வரும், அதில் கொஞ்சம் இன்ஜினுக்குள்ளும் இறங்கும். இருபது முப்பது நிமிஷம் ரோட்டில் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடாகி அந்த ஈரம் வெளியேறிவிடும். பத்து நிமிஷத்தில் அணைத்தால் ஆறி, உள்ளேயே படிந்து, ஆயிலோடு கலந்துவிடும். சைலன்சருக்குள்ளும் அதே ஈரம், அதே துரு.

ஆகவே உன்னோடு வேலை செய்பவர் சொன்னதே சரி. ஓட்டினால் அரை மணி நேரம் ஓட்டு, இல்லாவிட்டால் ஒழுங்காக மூடி வை. அரைகுறையாக உறுமவிடுவதில்தான் கெடுகிறது. மாமனாரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. புது பேட்டரி மாட்டிக் கொடுத்துவிட்டு, "பழசுக்கு வயசாயிருச்சுங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

9 நவம்பர், இரவு

தொடாதே என்றால் அப்படியே போட்டுவிடு என்று அர்த்தமில்லை தம்பி. முதலில் ரேடியேட்டரைப் பார். உனக்கு முன்னால் வைத்திருந்தவர் என்ன ஊற்றினார் என்று உனக்குத் தெரியாது. வெறும் தண்ணீராக இருந்தால் உறைந்து விரிந்து இன்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 35 வரை கவலையில்லை.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோ. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். முழு சார்ஜில் உள்ள லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50இல்கூட உறையாது. காலியானது மைனஸ் 10 பக்கத்திலேயே உறைந்துவிடும், ஏனென்றால் அமிலம் தகட்டுக்குள் போய்விட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய தண்ணீர்தான்.

ஆயிலை இப்போதே மாற்று, மார்ச்சில் அல்ல. ஓடிய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். அதை நாலு மாதம் பேரிங்கில் ஏன் ஊறப் போட வேண்டும்? கராஜ் வாசலிலேயே கடைசியாக ஒரு தடவை சூடாக்கி வடித்துவிடு.

11 நவம்பர்

டேங்கை நிரப்புவதா, காலி செய்வதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

நிரப்புங்கள். இதை நான் புளி கரைத்துக் கற்றுக்கொண்டேன். 2019இல் யெஸ்டியைக் கால் டேங்கோடு விட்டுவிட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் நம்மூரில் பகலெல்லாம் புழுக்கம், ராத்திரியில் குளிர். டேங்குக்குள் காலியாக இருக்கும் இடத்தில் காற்றின் ஈரம் தகட்டில் வேர்த்து வேர்த்து இறங்கியிருக்கிறது. தை மாதம் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே செம்மண் காடு.

மெக்கானிக் ஆசிட் ஊற்றலாம் என்றார். எனக்குப் பயம். அம்மா பித்தளைக் குடம் விளக்குவது ஞாபகம் வந்தது. ஒரு கிலோ பழம்புளியைச் சுடுதண்ணீரில் கரைத்து, வடிகட்டி டேங்கில் ஊற்றி, பழைய சைக்கிள் செயினை உள்ளே போட்டு, நானும் தம்பி பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். இரண்டு நாள் ஊறியது. கவிழ்த்தால் வந்தது ரத்தக்குழம்பு. சோடா உப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் ஆயிலை ஊற்றிச் சுழற்றிவிட வேண்டும். ஒரு ராத்திரி வெறுமனே விட்டால் மறுபடி பூத்துவிடும். அந்த ஒரு கிலோ புளியை அம்மா ஒவ்வொரு ரசத்துக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

இப்போது கூடுதலாக எத்தனால். இங்கே பங்கில் பிடிப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுப்பது, அதனால் நம்ம சத்தி கரும்பு என் டேங்குக்கே வந்து சேருகிறது என்று கொஞ்சம் பெருமைப்படலாம். ஆனால் அது தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். குளிர் கூடக் கூட சீக்கிரம் பிரியும். பெட்ரோலைத் திறந்து மூடும் காக் இருப்பதும் அடியில்தான், எனவே கார்புரேட்டருக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர்தான்.

கார்புரேட்டர் வண்டியென்றால் காக்கை அடைத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, அப்புறம் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். விட்டுவிட்டால் பெட்ரோல் பறந்துபோய்ப் பிசின் மட்டும் பைலட் ஜெட்டில் தங்கும். தலைமுடி கனத்துக்கு இருக்கும் ஓட்டை அது. தம்பி, உன் வண்டிக்கு இது எதுவும் வேண்டாம். டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்க விற்கும் ஸ்டெபிலைசரை ஊற்றி, ஆயில் மாற்றச் சூடாக்குகிறாயே, அப்போதே அதைப் பைப் முழுக்க ஓடவிட்டுவிடு.

12 நவம்பர்

திருத்தம். "டூ ஸ்ட்ரோக்கைக் காக் அடைத்துத் தானாக அணையவிட்டால் கடைசியில் ஆயில் இல்லாமல் ஓடும், பெட்ரோலில்தானே ஆயில் இருக்கிறது" என்று பவானிக்காரர் ஒருவர் பிடித்துவிட்டார். சரிதான். நான் யெஸ்டியில் சாவியை அணைத்துவிட்டுத்தான் வடிக்கிறேன், எழுதும்போது கை நாலு ஸ்ட்ரோக்குக்குப் போய்விட்டது.

13 நவம்பர்

யெஸ்டியை இன்று மூடினேன். முந்தின வருஷங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை உதை கிடையாது.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் அரை நாள் போனது. தோட்டத்துச் சாளையில், அதாவது கொட்டகையில், இரண்டு மூலை. ஒன்றில் யூரியாவும் பொட்டாஷும் அடுக்கியிருக்கிறது, இன்னொன்று கட்டுத்தறியை ஒட்டியது. உரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும், பக்கத்தில் இருக்கும் இரும்பைத் தின்னும். மாட்டு மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா ஒயரின் செம்பையும் பித்தளையையும் பச்சை பிடிக்க வைக்கும். முனிச்சில் ரோட்டில் உப்புத் தூவுகிறார்கள் என்று தம்பி புலம்புகிறான், இங்கே உப்பை மூட்டையாகக் கட்டிப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். கடைசியில் உர மூட்டையை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, வண்டியைச் சுவர் ஓரம் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, முன் டயருக்கு அடியில் ஒரு பலகை கொடுத்தேன். இரண்டு டயரிலும் காற்று 30.

பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கிக்கரைக் கையாலேயே நாலைந்து தடவை மெதுவாக அழுத்தினேன். செயினைச் சீமெண்ணெயில் கழுவிக் காயவைத்து ஆயில் போட்டேன். ரிம்முக்கு அப்பா தேங்காய் எண்ணெய்தான் தடவுவார், நானும் அதையே தடவினேன். தூசி ஒட்டத்தான் செய்யும், ஆனால் தடவாத வருஷம் புள்ளி புள்ளியாகத் துரு வந்தது.

எலி. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் அறுவடை நடந்தால் வயல் எலியெல்லாம் சாளைக்குக் குடி வந்துவிடும். நாலு வருஷத்துக்கு முன்பு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் ஒரு படி நெல் உமி, கிழிந்த சாக்கு நூல், நடுவில் கண் திறக்காத குட்டிகள் ஐந்து. அதனால் சைலன்சர் வாயில் பனியன் கம்பெனி வேஸ்ட் துணியைத் திணித்து, மறக்காமல் இருக்க அதில் ஒரு சிவப்புத் துணியும் கட்டிவிட்டேன். ஃபில்டர் வாய்க்கும் அப்படியே. திருப்பூர் இல்லாவிட்டால் நம்ம மெக்கானிக்குகள் எதில் கை துடைப்பார்களோ தெரியவில்லை.

மேலே தார்ப்பாய் போடக் கூடாது, உள்ளே வேர்க்கும். பருத்தி வேண்டும். சென்னிமலை பெட்ஷீட் சின்னதாகிவிட்டது, அதனால் பரண் மேலிருந்த பவானி ஜமுக்காளத்தைப் போர்த்தினேன். வீட்டில் இன்னும் பார்க்கவில்லை.

14 நவம்பர்

பார்த்துவிட்டார்கள்.

3 டிசம்பர், தீபம்

அகலில் விளக்கெண்ணெய் ஊற்றும்போது மகன் கேட்கிறான், இதை யெஸ்டிக்கு ஊற்றலாமா என்று. அந்தக் காலத்தில் ரேஸ் வண்டிகளுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றியது உண்மைதான். வழவழப்பு அப்படி. ஆனால் நின்றால் பிசினாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இன்ஜினைப் பிரிக்கிறவனுக்குத்தான் அது.

18 டிசம்பர், மார்கழி மூன்றாம் நாள்

நிறுத்தி வைக்கிற கதை போதும், ஓட்டுகிறவன் கதையும் இருக்கிறது. எனக்குத் திருப்பூரில் வேலை. வெடியால நாலே முக்காலுக்குக் கிளம்பிக் குன்னத்தூர் வழியாகப் போகிறேன், இது வேறு வண்டி, இன்ஜெக்‌ஷன். பதினெட்டு டிகிரி. முனிச் தம்பி சிரிப்பான். ஆனால் அறுபதில் போகும்போது பதினெட்டு பதினெட்டாக இருப்பதில்லை, அதுவும் வாய்க்கால் பாலம் வரும்போது முழங்காலில் ஊசி குத்தும்.

சட்டைக்குள் நெஞ்சில் செய்தித்தாளை மடித்து வைப்பது பால்காரர் சொல்லித் தந்தது. கிண்டல் செய்யாதீர்கள், காற்று உள்ளே வராமல் இருப்பதில்தான் எல்லாமே இருக்கிறது, கனமான ஸ்வெட்டரில் இல்லை. ஸ்வெட்டரின் கண்ணெல்லாம் காற்று நுழையும். மேலே ஒரு மழைக்கோட்டைப் போட்டாலே பாதி குளிர் போய்விடும். விரல்தான் பெரிய பிரச்சினை. விறைத்துப்போனால் பிரேக் பிடிக்க ஒரு நொடி தாமதமாகிறது, அந்த ஒரு நொடியில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடியிருப்போம்.

இதைக் கணக்காக எழுதுகிறேன், நேற்று கணக்காக இல்லை. பனி மூட்டத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்னால் லைட் இல்லை, ஒட்டு ரிஃப்ளெக்டர்கூட இல்லை. கரும்புத் தோகை வெளியே நீட்டிக்கொண்டு ரோட்டின் நிறத்திலேயே இருக்கிறது. தோகை ஹெல்மெட்டில் உரசிய சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு அது டிராக்டர் என்று தெரிந்தது. ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். ஹெல்மெட் கண்ணாடியில் உள்ளே மூச்சு, வெளியே பனி. அன்றிரவே பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு உள்பக்கம் தேய்த்து, தண்ணீர் படாமல் காய்ந்த துணியில் துடைத்தேன். இன்று மூச்சு படியவில்லை. ஐம்பதுக்கு மேலும் போகவில்லை.

தம்பி, அங்கே குளிருக்குப் போட்டிருக்கிற தெர்மல் பனியனின் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார். நம்ம திருப்பூரில் தைத்ததாக இருந்தாலும் இருக்கும்.

21 டிசம்பர்

"மார்கழியில் மட்டும் பத்து உதை கேட்கிறது, ஏன்?" என்று அந்தியூரிலிருந்து கேட்டிருக்கிறார்.

இரண்டு காரணம். குளிர்ந்த பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆவியானதுதான் எரியும். அதனால்தான் சோக். காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறோம். இன்னொன்று ஆயில். குளியலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள், 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைகிறது. இன்ஜின் ஆயில் அப்படிக் கட்டியாகாது, ஆனால் தடிக்கும். டப்பாவில் 20டபிள்யூ40 என்று போட்டிருக்கிறதே, அந்த டபிள்யூ ஆங்கிலத்தில் குளிர்காலத்தின் முதல் எழுத்து. முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் சீக்கிரம் ஓடும். 10டபிள்யூ30 போடச் சொன்ன வண்டிக்கு, கனமாக இருந்தால் நல்லது என்று 20டபிள்யூ50 ஊற்றினால் மார்கழியில் காலுக்குத்தான் வேலை.

ஸ்டார்ட் ஆனதும் முறுக்காதீர்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போனால் போதும், நின்ற இடத்தில் சூடாக்க வேண்டியதில்லை.

டயரையும் பாருங்கள். பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். நடுப்பகலில் பிடித்த காற்று வெடியாலக் கணக்குக்கு வராது.

27 டிசம்பர்

ஊட்டிக்கு இப்போது பைக்கில் போகலாமா? போகலாம். காலை ஒன்பது வரை தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும், நிழலான வளைவில் வழுக்கும், அதனால் வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள். பழைய வண்டிக்குக் குளிர் ஆகாது. 2016 ஜனவரியில் யெஸ்டியைக் கோத்தகிரி வழியாக ஏற்றினேன், அதற்கு மேலே குளிரில் மூச்சே வரவில்லை, மூன்றாவது கியரில் இழுக்காமல் நின்று நின்று போனது.

28 டிசம்பர்

குன்னூர்க்காரர் ஒருவர் என்னை நன்றாகவே வாரியிருக்கிறார், நியாயமாக. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குளிர் மட்டும் என்றால் வண்டி நன்றாக இழுக்க வேண்டும். யெஸ்டியைத் திணறவைத்தது உயரம். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே காற்றே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, கோபியில் கொடுத்த பெட்ரோலையே அங்கேயும் கொடுக்கும். இன்ஜெக்‌ஷன் வண்டி தானே குறைத்துக்கொள்ளும்.

எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அன்றைக்கு மேலே ஒரு பட்டறையில் பிளக்கைக் கழற்றிக் காட்டினார், அடுப்புக்கரி மாதிரி இருந்தது. "குளிர் இல்லீங்க, காத்து பத்தல" என்றார். நான் சோக்கை இழுத்துக்கொண்டே ஏறியிருக்கிறேன். பத்தாத காற்றையும் நானே அடைத்திருக்கிறேன். ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இறங்கும்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இதில் நான் தப்பு செய்யவில்லை, அப்பா செய்யவிடவில்லை. யெஸ்டி மைசூரில் செய்த வண்டி, அந்தத் தொழிற்சாலை 1996இல் மூடியது. அப்பா மைசூரிலேயே வாங்கி, சாமராஜ்நகர், ஆசனூர் வழியாகத் திம்பம் இருபத்தேழு கொண்டை ஊசியையும் இறக்கிக் கொண்டுவந்தாராம். பின்னால் உட்கார்ந்த மாமா, "இறக்கத்துல எதுக்கு மச்சான் சும்மா சும்மா முறுக்குற, பெட்ரோல் காசு தண்டம்" என்று பண்ணாரி வரை திட்டிக்கொண்டே வந்தாராம். டூ ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டு இறங்கினால் பெட்ரோல் போகாது, பெட்ரோல் போகாவிட்டால் ஆயிலும் போகாது, சக்கரமோ இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு வளைவு ஒரு முறுக்கு கொடுத்தே இறக்க வேண்டும். நான் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை அப்படித்தான் இறக்கினேன்.

2 ஜனவரி 2026

தம்பி போட்டோ அனுப்பியிருக்கிறான். வெளியே மைனஸ் 8. பேட்டரி அவன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, 12.7. கூலன்ட் சோதித்ததில் மைனஸ் 15 வரைதான் தாங்கும் என்று வந்ததாம், மாற்றிவிட்டான். ஆனால் கடைசியாக ஓட்டிய அன்று ரோட்டில் உப்புத் தூவியிருந்தார்கள், கழுவாமலே மூடியிருக்கிறான். செயின் இப்போது வெல்லக்கட்டி நிறம். வெந்நீர் ஊற்றாதே தம்பி, குளிர்ந்த தண்ணீரில் உப்பைக் கரைத்துத் துடை, அப்புறம் ஆயில் போடு. கழுவுவதை நானும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இங்கே உப்பு சோற்றில் மட்டும்தான், தோன்றவில்லை.

16 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

ஜமுக்காளத்தை நோம்பிக்கு விரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததால் ஒரு வாரம் முன்னதாகவே யெஸ்டியைத் திறந்தேன். டேங்குக்குள் டார்ச் அடித்தேன், தகடு பளபளப்பு. ஃபில்டர் பெட்டியில் உமி இல்லை. பழைய பிளக்கைத் துடைத்து மாட்டி, காக்கைத் திறந்து, கிண்ணம் நிறைய ஒரு நிமிஷம் விட்டு, சிவப்புத் துணியைப் பார்த்து மறக்காமல் சைலன்சர் வேஸ்டை உருவினேன். சோக். லிவரைத் தூக்கி உதைத்தேன். மூன்று உதை சும்மா, நாலாவது உதையில் பிடித்தது. சிலிண்டரில் விட்ட ஆயிலெல்லாம் எரிந்து சாளை முழுக்க நீலப் புகை.

சத்தம் மட்டும் சரியில்லை. ஒரு பக்கம் தொண்டை கட்டின மாதிரி. சரி, ஆயில் எரிந்து முடியட்டும் என்று ஒரு முறுக்கு முறுக்கினேன்.

யெஸ்டிக்கு சைலன்சர் இரண்டு. நவம்பரில் இரண்டிலும் திணித்த நான், சிவப்புத் துணியை வலது பக்கம் மட்டும்தான் கட்டியிருக்கிறேன். இடது பக்கத்து வேஸ்ட் தப் என்று பறந்து, அப்போதுதான் கொம்புக்குப் பெயின்ட் அடித்து மாலை போட்டு நிறுத்தியிருந்த காங்கேயம் பசுவின் முதுகில் விழுந்தது. முளைக்குச்சியோடு பிடுங்கிக்கொண்டு அது பொங்கல் பானை வரை போய்விட்டது. பானை தப்பித்தது. ஜமுக்காளத்தின் மேல்தான் நின்றது.

17 ஜனவரி

தம்பி, மார்ச்சில் எடுக்கும்போது உன் வண்டிக்குச் சைலன்சர் எத்தனை என்று எண்ணிக்கொள். ஜமுக்காளத்தைச் சோடா உப்பில் ஊறவைத்திருக்கிறேன், புளி வேண்டாம் என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.